பாதி மெட்ரோ மூடியிருக்கும்போது எதில் போவது?

நீங்கள் தினமும் போகும் மெட்ரோ லைனில், நடுவே நான்கு நிலையங்களை ஒரு மாதம் மூடப்போவதாக அறிவிப்பு வந்தால், கண் முதலில் போவது மாற்று பஸ் பற்றிய பத்திக்குத்தான். எங்கிருந்து கிளம்பும், எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, எங்கெல்லாம் நிற்கும் என்று எல்லாம் அங்கேயே இருக்கும். பெரும்பாலும் தனி டிக்கெட்டும் வேண்டியதில்லை. சரி, ஒரு மாதம்தானே, பஸ்ஸில் ஓட்டிவிடலாம் என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நடக்கத் தெம்பு இருக்கிற, கையில் பெரிய சுமை இல்லாத ஒருவருக்குக் காலை நெரிசலில் உள்ள வழிகளை வரிசைப்படுத்தச் சொன்னால், மாற்று பஸ்ஸுக்குக் கீழே நான் வைப்பது டாக்ஸியையும் சொந்தக் காரையும் மட்டும்தான்.

எதை வைத்து ஒப்பிடுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மொபைலில் வழி தேடினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடக் கணக்கு வரும். ஒரு வழி 40 நிமிடம், இன்னொன்று 50 என்றால் கை தானாக 40ஐத் தொடும். ஆனால் அந்த 40 நிமிட வழி சாலை நெரிசலில் சிக்கினால் 70 ஆகும் என்றும், 50 நிமிட வழி என்ன ஆனாலும் 55ஐத் தாண்டாது என்றும் வைத்துக்கொள்வோம். ஒன்பது மணிக்கு இருக்கையில் இருந்தே ஆக வேண்டியவர் முதல் வழியை நம்பினால் தினமும் 70 நிமிடம் முன்னால் கிளம்ப வேண்டும். சாலை காலியாக இருந்த நாளில் அரை மணி நேரம் முன்னதாகப் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அவரைப் பொறுத்தவரை அது 70 நிமிட வழி. பத்து மணிக்கோ பதினொன்றுக்கோ எப்போது போனாலும் யாரும் கேட்கமாட்டார்கள் என்கிற வேலையில் இருப்பவருக்கு மட்டும்தான் அது 40 நிமிட வழி. ஆகவே ஒவ்வொரு வழியிலும் வழக்கமான நாள் எப்படி என்பதோடு, மோசமான நாள் எவ்வளவு மோசம் என்றும் கேளுங்கள். வரிசை பெரும்பாலும் அங்கேயே மாறிவிடும்.

அறிவிப்பில் பார்க்க வேண்டியவை

மூடல் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. வார இறுதியில் மட்டும், இரவு பத்து மணிக்குப் பிறகு மட்டும், வாரக்கணக்கில் முழுசாக, இப்படிப் பல வகை உண்டு. மூடாமலேயே ஒரே தண்டவாளத்தில் இரண்டு திசை ரயில்களையும் மாற்றி மாற்றி விடுவதும் உண்டு. வாஷிங்டன் மெட்ரோ 2016 ஜூன் முதல் சுமார் ஓராண்டு நடத்திய பராமரிப்புப் பணியில், சில கட்டங்களில் பாதையை முழுசாக மூடினார்கள், சில கட்டங்களில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஓட்டினார்கள். இரண்டாவது வகையில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். லைன் திறந்திருக்கிறது என்று படித்துவிட்டு வழக்கம்போல நடைமேடைக்குப் போய் நிற்பார்கள். நான்கு நிமிடத்துக்கு ஒரு ரயில் வரும்போது கடிகாரத்தைப் பார்க்காமல் போகலாம், சராசரிக் காத்திருப்பு இரண்டே நிமிடம். இருபது நிமிடத்துக்கு ஒன்று என்றாகிவிட்டால் அந்தப் பழக்கம் சராசரியாகப் பத்து நிமிடத்தையும், கெட்ட நேரத்தில் இருபதையும் தின்னும். அப்போது வெளியூர் ரயிலைப் பிடிப்பதுபோல நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டும்.

அறிவிப்பும் மாறும். நியூயார்க்கில் மன்ஹாட்டனையும் புரூக்ளினையும் ஆற்றுக்கடியில் இணைக்கும் 'எல்' லைன் சுரங்கம் 2012இல் சாண்டி புயலின்போது உப்புநீரில் மூழ்கிப் பழுதடைந்தது. அதைச் சரிசெய்ய 2019 ஏப்ரல் முதல் 15 மாதம் முழுசாக மூடுவதாகத்தான் திட்டம். ஊரே அதற்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது 2019 ஜனவரியில் திட்டம் மாறியது. முழு மூடலைக் கைவிட்டு, இரவிலும் வார இறுதியிலும் மட்டும் ரயில்களைக் குறைத்து வேலையைச் செய்தார்கள். 2020 ஏப்ரலில் பணி முடிந்தது. வீடு மாற்றுவது, வண்டி வாங்குவது மாதிரியான முடிவுகளை ஓர் அறிவிப்பை நம்பி ஆறு மாதம் முன்பே எடுக்காமல் இருப்பது நல்லது.

மூடிய பகுதி உங்களுக்கு எந்தப் பக்கம்?

பலர் யோசிக்காமல் விடும் கேள்வி இது. மூடிய நிலையங்கள் உங்கள் பயணத்தின் நடுவே வருகின்றனவா, வீட்டுப் பக்கம் வருகின்றனவா, வேலைப் பக்கம் வருகின்றனவா? மூன்றுக்கும் பதில் வேறு.

நடுவே வந்தால், அந்த இடைவெளியைச் சாலை வழியாகத் தாண்ட முயல்வது பெரும்பாலும் வீண்வேலை. இறங்கி, மேலே ஏறி, பஸ்ஸுக்கு நின்று, பஸ்ஸில் போய், மறுபடி கீழே இறங்கி, மறுபடி ரயிலுக்கு நிற்க வேண்டும். இரண்டு இடத்தில் வண்டி மாறுவதற்கே கால் மணி நேரம் போய்விடும். வேறு லைனில் சுற்றிப்போவது வரைபடத்தில் நீளமாகத் தெரிந்தாலும் இதைவிடத் தேவலை.

வீடு மூடிய பகுதிக்குள் இருந்தால், வழக்கமாக ஏறும் லைனைப் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். திறந்திருக்கும் எந்த லைனின் எந்த நிலையம் வேலைக்குப் போகும் திசையில் பக்கம் என்று பாருங்கள். சாதாரண நாளில் யோசித்தே பார்த்திராத ஒரு நிலையத்துக்கு வீட்டுப் பக்கத்துத் தெருவிலிருந்து நகரப் பேருந்து ஓடிக்கொண்டிருக்கும். வேலையிடம் உள்ளே இருந்தால் கணக்கு இன்னும் எளிது. கடைசியில் மிஞ்சுவது ஒன்றிரண்டு கிலோமீட்டர், அதை நடந்துவிடலாம்.

மாற்று பஸ் ஏன் திணறுகிறது

இது பஸ் நடத்துபவர்களின் குற்றம் இல்லை, கணக்கு அப்படி. நீளமான ஒரு மெட்ரோ ரயிலில் நெரிசல் நேரத்தில் 1,000 பேர் போகலாம் என்று வையுங்கள். மூன்று நிமிடத்துக்கு ஒன்று என்றால் மணிக்கு 20 ரயில், ஒரு திசையில் 20,000 பேர். ஒரு பஸ்ஸில் நின்றும் உட்கார்ந்தும் 70 பேர். அத்தனை பேரையும் ஏற்ற மணிக்கு 280க்கு மேல் பஸ் வேண்டும், அதாவது 13 வினாடிக்கு ஒன்று. பாதிப் பேர் வேறு வழியில் போய்விட்டாலும் 25 வினாடிக்கு ஒன்று. 70 பேர் இரண்டு வாசலில் ஏறி முடிக்கவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும் எனும்போது, எத்தனை பஸ் வாங்கி நிறுத்தினாலும் நடைபாதை ஓரம் அதற்குத் தாங்காது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், திறந்திருக்கும் கடைசி நிலையத்தில் காலை எட்டரைக்கு நின்றால் போதும். ரயில் வந்து நிற்கும், "எல்லாரும் இறங்குங்கள்" என்று அறிவிப்பு. ஒரே நேரத்தில் எட்டுப் பெட்டியும் காலியாகும். இருப்பது இரண்டு எஸ்கலேட்டர், அதில் மேலே போவது ஒன்றுதான். அதன் அடியில் கூட்டம் அகன்று நின்று, கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒற்றை வரிசையாகச் சுருங்கும். மேலே வந்தால் ஒளிரும் சட்டை போட்ட ஊழியர் பலகையைத் தூக்கிப் பிடித்து வலப்பக்கம் காட்டுவார். பஸ் நிற்கும் இடம் வாசலிலேயே இருக்காது, அடுத்த சிக்னலைத் தாண்டி இருக்கும். முதல் பஸ் நிரம்பிப் போகும், இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் ஏறி அப்பாடா என்று மூச்சு விடும்போது, கீழே அடுத்த ரயில் ஆட்களைக் கொண்டுவந்து கொட்டியிருக்கும். பஸ் கிளம்பி 200 மீட்டர் போனதும் முன்னால் போன இரண்டு பஸ்களும் அங்கேயே நின்றுகொண்டிருக்கும்.

இன்னொன்று, ரயில் நிலத்தடியில் நேராகப் போகும். பஸ் ஒவ்வொரு நிலையத்தையும் தொடுவதற்காக ஒருவழிப் பாதைகளில் வளைந்து வளைந்து போக வேண்டும். இடையில் நிற்காத விரைவு மாற்று பஸ்ஸையும் சேர்த்து விட்டிருந்தால் அதைத் தேடிப் பிடியுங்கள். தனித்தடம் ஒதுக்கினாலும் நிலைமை கொஞ்சம் தேறும். பாஸ்டனில் 2022 ஆகஸ்ட் 19 இரவு தொடங்கி ஆரஞ்சு லைன் முழுவதையும் 30 நாள் மூடியபோது, இலவச மாற்று பஸ்களுக்காகச் சில சாலைகளில் அப்படித் தடம் ஒதுக்கினார்கள்.

பஸ்ஸே சரி என்று நான் சொல்லும் ஆட்களும் உண்டு. படி ஏறி இறங்க முடியாத முதியவர்கள், சக்கர நாற்காலியில் போகிறவர்கள், குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள். மாற்று லைன் என்று சொல்லப்படும் பழைய பாதையில் லிஃப்ட் இல்லாத நிலையங்கள் இருந்தால் இவர்களுக்கு அது வழியே இல்லை. தாழ்தள பஸ் என்றால் படி ஏறாமல் நிலையத்துக்கு நிலையம் போய்விடலாம். அப்புறம், காலை பதினொன்று முதல் மதியம் மூன்று வரை, இரவு ஒன்பதுக்குப் பிறகு என்றால் யாருக்குமே பஸ் நல்ல வழிதான். மேலே சொன்ன கணக்கெல்லாம் நெரிசல் நேரத்துக்கு உரியது.

பஸ்ஸில்தான் போவது என்று முடிவானால், கடைசி நிலையம்வரை போகாமல் அதற்கு ஒன்றிரண்டு நிலையம் முன்பே இறங்கி, அந்தப் பக்கம் ஓடும் வழக்கமான நகரப் பேருந்தைப் பிடித்துப் பாருங்கள். அறிவிப்பில் அது இருக்காது. அதனால்தான் அதில் இடமும் இருக்கும்.

இன்னொரு லைன்

என் வரிசையில் இதுதான் முதலிடம். காரணம் வேகம் இல்லை, ஏமாற்றாது என்பதே. சாலையில் எது நடந்தாலும் அந்த ரயிலுக்குப் பாதிப்பில்லை. கூட்டம் கூடும், இரண்டு ரயிலை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறவேண்டி வரலாம். ஆனால் மூன்று ரயில் என்பது பத்துப் பன்னிரண்டு நிமிடம், மூன்று பஸ் என்பது எவ்வளவு நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது.

மூடுகிறவர்களும் இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். லண்டனில் 'பேங்க்' என்ற மெட்ரோ நிலையத்தை விரிவாக்க 2022 ஜனவரி நடுவிலிருந்து மே நடுவரை நார்தர்ன் லைனின் பேங்க் கிளையில் மூர்கேட்டுக்கும் கென்னிங்டனுக்கும் இடையே ரயிலை நிறுத்தியபோது, அதே லைனின் சேரிங் கிராஸ் கிளையில் ரயில்களைக் கூட்டினார்கள். பாஸ்டனில் ஆரஞ்சு லைனுக்குப் பக்கத்திலேயே ஓடும் புறநகர் ரயிலில், மெட்ரோ அட்டையைக் காட்டினாலே ஏறலாம் என்று உள்வட்டப் பகுதிகளில் அனுமதித்தார்கள். இந்த வகைச் சலுகை அறிவிப்பின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், அவசியம் தேடிப் படியுங்கள். மெட்ரோ வரைபடத்தில் புறநகர் ரயில் சில ஊர்களில் இருப்பதே இல்லை, அதனால் அது பலருக்கு நினைவுக்கே வராது.

கவனிக்க வேண்டியது லைன் மாறும் இடம். ஒரே பெயரில் இருந்தாலும், ஒரு நடைமேடையிலிருந்து இன்னொன்றுக்கு ஏழெட்டு நிமிடம் நடக்கவைக்கும் நிலையங்கள் பெரிய நகரங்களில் சகஜம். இரண்டு முறை மாறினால் கால் மணி நேரம் அதிலேயே போகலாம். கொஞ்சம் சுற்றானாலும் ஒரே முறை மாறும் வழியையே நான் தேர்ந்தெடுப்பேன்.

நடையும் சைக்கிளும்

மெட்ரோ வரைபடம் தூரத்தைக் காட்டுவதற்காகப் போடப்பட்டதில்லை. நெருக்கமான நடுநகரை விரித்து, புறநகரைச் சுருக்கி, கோடுகளை நேராக்கி வரைவார்கள். அதைத் தினமும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இரண்டு நிலையம் என்பது ரயில் இல்லாமல் போகமுடியாத தூரமாகிவிடுகிறது. லண்டனில் லெஸ்டர் ஸ்கொயருக்கும் கோவென்ட் கார்டனுக்கும் இடையே 260 மீட்டர்தான். லண்டன் பிரிட்ஜ் நிலையத்திலிருந்து பேங்குக்குப் பாலத்தைத் தாண்டி நடந்தால் கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். 2022இல் பலர் அப்படித்தான் போனார்கள்.

இதில் ஒரு சுவையான ஆய்வும் உண்டு. 2014 பிப்ரவரியில் லண்டன் மெட்ரோ ஊழியர்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள், பல நிலையங்கள் மூடிக்கிடந்தன. பயண அட்டைகளின் பதிவுகளைப் பொருளாதார ஆய்வாளர்கள் அலசிப் பார்த்தபோது, வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் பழைய வழிக்குத் திரும்பவில்லை என்று தெரிந்தது. வரைபடம் உண்மையான தூரத்திலிருந்து அதிகம் விலகியிருந்த பகுதிகளில் இப்படி மாறியவர்களும் அதிகம். அத்தனை வருடமாகத் தினமும் சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள்!

எவ்வளவு தூரம்வரை நடக்கலாம்? சாதாரண நடை மணிக்கு 5 கிலோமீட்டர், 2 கிலோமீட்டருக்கு 24 நிமிடம். ரயில் அதே தூரத்தை நான்கு நிமிடத்தில் போகும் என்று எதிர்வாதம் வரும். கீழே இறங்க, ரயிலுக்கு நிற்க, மேலே ஏற என்று எல்லாம் சேர்த்தால் அதுவும் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். மாற்று பஸ்ஸோடு ஒப்பிட்டால் 2 கிலோமீட்டர்வரை நடை தோற்காது. முக்கியமாக, நடையில் மோசமான நாள் என்று ஒன்று கிட்டத்தட்ட கிடையாது. மழை ஒன்றுதான் விதிவிலக்கு.

சைக்கிளில் மணிக்கு 15 கிலோமீட்டர் போகலாம் என்பதால் 6, 7 கிலோமீட்டர்வரை எட்டும். சொந்த சைக்கிள் என்றால் யோசிக்கவே வேண்டாம். வாடகை சைக்கிளில் ஒரு சிக்கல் இருக்கிறது. காலையில் குடியிருப்புப் பக்கத்து நிறுத்தங்கள் எட்டு மணிக்கே காலியாகிவிடும், அலுவலகப் பக்கத்து நிறுத்தங்கள் நிரம்பிவிடும். எடுக்க வண்டி இருக்காது, எடுத்தால் விட இடம் இருக்காது. மெட்ரோ ஓடாத நாளில் எல்லாருக்கும் ஒரே யோசனைதான் வரும். 2015 ஜூலை 9 வேலைநிறுத்தத்தின்போது லண்டனின் வாடகை சைக்கிள்களை ஒரே நாளில் 73,000 முறைக்கு மேல் எடுத்தார்கள், அப்போது அது சாதனை அளவு. ஆகவே வாடகை சைக்கிளை நம்புகிறவர்கள் மாலையில் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள், தாமதமானாலும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நகரச் சாலையில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் மூடல் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அந்த வழியில் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

டாக்ஸி, கார்

மாற்று பஸ் நிற்கும் அதே சாலையில்தான் டாக்ஸியும் நிற்கும், மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். செயலி வழி டாக்ஸிகளில் தேவை கூடும்போது கட்டணமும் ஏறும், மூடிய நிலையத்து வாசலில் நின்று தேடினால் அந்த ஏற்றத்தின் உச்சியில் இருப்பீர்கள். இரண்டு தெரு தள்ளி நின்று தேடுங்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்தால் செலவு தாங்கும். இரவு நேரத்துக்கும், பெட்டியோடு விமான நிலையம் போவதற்கும் டாக்ஸியில் தப்பில்லை. அப்போதும் முழுத் தூரமும் போகாமல், திறந்திருக்கும் வேறு லைன் நிலையம்வரை போனால் மிச்சமாகும்.

சொந்தக் கார் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இந்த மாதம் எல்லாருமே அதைத்தான் வெளியே எடுப்பார்கள்.

நேரத்தை மாற்றுவது

இதற்குத் தனியாகச் செலவு எதுவும் இல்லை. பாரிஸின் புறநகர் விரைவு ரயிலான ஆர்.இ.ஆரின் 'ஏ' லைனில் நடுப்பகுதியை 2015 முதல் அடுத்தடுத்த கோடைகளில் வாரக்கணக்கில் மூடிப் பாதையைப் புதுப்பித்தார்கள். நாளுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் போகும் லைனை மூட அவர்கள் தேர்ந்தெடுத்தது, ஊரே விடுமுறைக்குக் கிளம்பிவிடும் ஜூலை கடைசியும் ஆகஸ்டும். தனி ஆளும் இதையே செய்யலாம். முக்கால் மணி நேரம் முன்னதாகவோ பின்னதாகவோ கிளம்ப மேலாளர் ஒத்துக்கொண்டால், மேலே சொன்ன எல்லா வழிகளிலும் கூட்டம் ஒரு படி இறங்கும். வீட்டிலிருந்தே வேலை பார்க்க வாரத்தில் இரண்டு நாள் கிடைத்தால், அதில் ஒன்றை மூடலின் முதல் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குத்தான் பயணிகளுக்கும் ஊழியர்களுக்கும் எது எங்கே என்று தெரியாமல் இருக்கும். முதல் நாள் அனுபவத்தை வைத்து ஒரு வழியைத் தள்ளிவிடவும் வேண்டாம், மூன்றாம் நாள் அது வேறு மாதிரி இருக்கும்.

மாதப் பாஸ் வாங்குகிறவர்கள் மூடல் தேதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பது நல்லது. நடையும் சைக்கிளும் வீட்டிலிருந்து வேலையும் சேர்ந்தால் ரயில் ஏறும் நாட்கள் பாதியாகிவிடும், அந்த மாதம் தனித்தனி டிக்கெட்டே மலிவாக முடியலாம். ஏற்கெனவே வாங்கிய பாஸுக்குப் பணம் திருப்பித் தருகிறார்களா, நாட்களை நீட்டிக்கிறார்களா என்று கவுன்டரில் கேளுங்கள். சுற்றுவழியில் வேறு கட்டண மண்டலத்துக்குள் போய்வர வேண்டியிருந்தால் அதே பாஸ் செல்லுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இரவு வேலைக்காரர்கள் கேட்க வேண்டியது இன்னொன்று: மாற்று பஸ்ஸின் கடைசி வண்டி எத்தனை மணிக்கு, அது கடைசி ரயில் வந்து சேரும்வரை காத்திருக்குமா?